ராஜினாமாவா, ஆட்குறைப்பு உத்தரவா?

"நீங்களே எழுதிக் கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்" என்பார்கள் ஹெச்.ஆர். அறையில். மேஜையில் ராஜினாமா கடிதம் அச்சடித்துத் தயாராக இருக்கும். தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. என் தோழி ஒருத்தி ஏழு வருட வேலையை அப்படித்தான் பத்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டு வந்தாள்.

அவள் விட்டுக்கொடுத்தது கொஞ்சமல்ல. நிர்வாகமே ஆட்குறைப்பு செய்திருந்தால், ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். கூடவே, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். 1947 தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2020 தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு 105 நாள் ஊதியம்! ராஜினாமா செய்தவருக்கு இதில் ஒரு பைசா கிடையாது. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் போகலாம். எழுதிக் கொடுத்தவரோ, மிரட்டி வாங்கினார்கள் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அது லேசுப்பட்ட காரியமில்லை.

பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) பி.எஃப். பணமும் இரண்டு வழியிலும் உண்டு. ஐந்தாண்டு முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை பெறுவார்.

அடுத்த வேலை கையில் இருந்தாலோ, மேலாளர் என்பதால் 'தொழிலாளி' வரையறைக்குள் வராவிட்டாலோ, ராஜினாமாவில் நஷ்டம் குறைவு. மற்றவர்கள் அந்த அறையில் கையெழுத்துப் போடவே வேண்டாம். "வீட்டுல கலந்து பேசிட்டு வர்றேன்" என்று எழுந்து வாருங்கள். அன்றிரவே நடந்ததையெல்லாம் சொந்த மின்னஞ்சலில் இருந்து ஹெச்.ஆருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.