"புது எஞ்சின்" என்று ஆர்எக்ஸ்-7 விற்கிறார்களா? ஆறு எண்களைக் கேளுங்கள்

முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 தேடுபவர்கள் முன்பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் கைமாறிய ஒரு 1979 மாடல். "எஞ்சின் புதிதாகக் கட்டியது, இரண்டு ரோட்டரிலும் 100 பிஎஸ்ஐ" என்று விற்றவர் கம்ப்ரெஷன் (எஞ்சினுக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) கேஜின் படத்தையே காட்டினார். இந்தக் காரின் ரோட்டரி எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோணப் பாகம்தான் ரோட்டர்; பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு. காலையில் சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொண்டது. வாங்கியவர் வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார். அதன்பின் வண்டி கிளம்பவே இல்லை.

பிஸ்டன் கார்களில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ரோட்டரியில் அது பாதிச் சோதனைதான். குளிர்விக்கும் நீர் உள்ளே கசியாமல் தடுக்கும் கூலன்ட் சீல் போயிருந்தால் காலையில் வெள்ளைப் புகை காட்டிக் கொடுக்கும். ஆனால் கம்ப்ரெஷன் குறைந்த 12ஏ (இந்தக் காரின் ரோட்டரி எஞ்சின்) சூட்டில்தான் அடம்பிடிக்கும். இருபது நிமிடம் ஓட்டுங்கள், அணையுங்கள், பத்து நிமிடம் பொறுத்து மறுபடி சாவியைத் திருப்புங்கள்.

அந்த "100" பொய்யில்லை, அதுதான் தந்திரம். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள், இரண்டு ரோட்டருக்கு ஆறு எண்கள். சாதாரண கேஜில் உள்ள வால்வு காற்றைப் பிடித்து வைப்பதால், மூன்றில் பலமான முகத்தின் அளவை மட்டுமே முள் காட்டும். சூடான எஞ்சினில் இக்னிஷன் இணைப்பைக் கழற்றி, டிரெய்லிங் (மேலே உள்ள) ஸ்பார்க் பிளக் துளையில் கேஜைப் பொருத்துங்கள். வால்வைத் திறந்தே பிடித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றவிட்டு, முள் துள்ளுவதை வீடியோ எடுங்கள். சுமார் 250 ஆர்பிஎம்மில் 85 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான். மூன்றில் இரண்டு துள்ளல் தளர்ந்திருந்தால் ரோட்டரின் முனையிலுள்ள ஓர் ஏபெக்ஸ் சீல் போய்விட்டது, ஏனென்றால் ஒரு சீல் இரண்டு முகங்களுக்குப் பொது. ஒன்று மட்டும் தளர்ந்தால் ரோட்டரின் பக்கவாட்டிலுள்ள சைடு சீலைச் சந்தேகியுங்கள்.

இந்தக் காரில் தளர்ந்தவை இரண்டு. திறந்தால் சீல் மட்டும் புதிது. ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங் பழையது, உள்சுவரின் குரோம் பூச்சு உரிந்திருந்தது. அந்தச் சொரசொரப்பில் எந்தப் புது சீலும் நிற்காது. "கட்டியது" என்பவரிடம் ஹவுசிங்கின் உட்புறப் படங்களையும் உதிரிபாக ரசீதையும் கேளுங்கள். சீல் செட்டின் ரசீது மட்டும் வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

அதைவிட மோசம், சீலுக்கு எண்ணெய் ஊட்டும் மீட்டரிங் பம்பைக் கழற்றித் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். அப்படிச் செய்வது குற்றமில்லை. ஆனால் லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 8 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். வாங்கியவரிடம் அதை யாரும் சொல்லவில்லை.

துருவையும் பாருங்கள்: இருக்கைக்குப் பின்னாலுள்ள பெட்டிகளின் அடி, பின்சக்கரத்துக்கு முன்புள்ள மூலை, பேட்டரித் தட்டு. மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. சேஸிஸ் எண் எஸ்ஏ22சி என்று தொடங்காமல் 17 இலக்கமாக இருந்தால், அந்த அமெரிக்க வண்டி 1979 மாடல் அல்ல. 1981 அல்லது அதற்குப் பிந்தையது.