பெரிய தலைக்கு ஹெல்மெட்: ஷூயி, அராய், ஹெச்ஜேசி

தலைச் சுற்றளவு 62 செ.மீ.யைத் தாண்டிவிட்டால் பொருந்தும் ஹெல்மெட்டுகள் சட்டென்று குறைந்துவிடும். ஷூயி, அராய் என்ற ஜப்பானிய ஹெல்மெட் கம்பெனிகள் இரண்டின் அளவு அட்டவணையிலும் எக்ஸ்எல் என்பது 61–62, டபுள் எக்ஸ்எல் 63–64. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹெச்ஜேசி என்ற இன்னொரு கம்பெனியின் பக்கம் போகலாம். அவர்களுடைய சிஎல்-17 மாடல் ஃபைவ் எக்ஸ்எல் வரை வந்தது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஓடு, டி வடிவ வளையங்கள் இரண்டில் கோத்து இறுக்கும் தாடைப் பட்டை. ஆடம்பரம் எதுவும் இல்லை, ஆனால் உண்மையிலேயே பெரிய தலைக்குச் செய்த ஹெல்மெட் அது.

அளவுக்கு முன்னால் வடிவத்தைப் பாருங்கள். ஒரு சைஸ் கூடுதலாக வாங்கிக்கொண்டு போகிற பலருக்குத் தலை பெரிது என்பதைவிட நீளம் என்பதே சரி. நெற்றியிலிருந்து பிடரி வரை நீண்ட தலையை உருண்டையான உட்கூட்டுக்குள் நுழைத்தால் நடு நெற்றி வலிக்கும், காதுக்கு மேலே இரு பக்கமும் விரல் போகும். சைஸை ஏற்றினால் வலி போய்விடும், பக்கவாட்டு இடைவெளி இன்னும் கூடும், வேகத்தில் ஹெல்மெட் ஆடும். இந்தத் தலைக்கு அராய் சிக்னெட்-எக்ஸ்தான் என் முதல் பரிந்துரை. நீண்ட முட்டை வடிவத்துக்கென்றே செய்தது. தலை உருண்டையாக இருந்து நெற்றிப்பொட்டு இரண்டும் நசுங்குகிறவர்களுக்கு அதே கம்பெனியின் குவாண்டம்-எக்ஸ்.

அளக்கத் துணி டேப் போதும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு, காதுக்கு மேலாக, பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தைச் சுற்றி மூன்று முறை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்னம் மட்டும் இறுக்கினால் ஹெல்மெட்டை மாற்ற வேண்டாம், பேடை மாற்றுங்கள். ஷூயியில் வெவ்வேறு தடிமனில் கன்னப் பேடு தனியாகக் கிடைக்கும். அராயின் பல மாடல்களில் 5 மி.மீ. அடுக்கு ஒன்றை உரித்தெடுக்கலாம். புதுப் பேடு ஓட்ட ஓட்ட அமுங்கும் என்பதால் கன்னம் கொஞ்சம் இறுகலாகவே இருக்கட்டும். நெற்றி வலி அப்படிச் சரியாகாது. போகப் போகச் சரியாகும் என்று நம்பி வாங்காதீர்கள். பேடுக்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோலைச் சுரண்டி இடம் பண்ணித் தருவதாக யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அடியை வாங்கி நசுங்கி மண்டையைக் காப்பது அந்தத் தெர்மாகோல்தான். ஒரு இடத்தில் மெலிந்தால் அந்த இடத்தில் பாதுகாப்பும் போச்சு.

ஐரோப்பாவில் பின்பற்றும் ஹெல்மெட் பாதுகாப்புத் தரமான இசிஇ 22.06-இன் சோதனையில் பயன்படும் மாதிரித் தலைகளில் பெரியதே 62 செ.மீ.தான். ஆகவே மிகப் பெரிய சைஸ்களில் தர முத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல், தலையில் அது எப்படி உட்காருகிறது என்பதையும் கறாராகப் பார்க்க வேண்டும். பட்டையைப் பிடித்து இரு பக்கமும் விரித்து மாட்டி, அரை மணி நேரம் கழற்றாமல் இருங்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு இருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்த தழும்பு இருந்தால் வடிவம் தவறு. பிறகு மறுபடி மாட்டி, பட்டையை இறுக்கி, பின்பக்க விளிம்பில் கை கொடுத்து முன்னால் தள்ளும்படி கூட இருப்பவரிடம் சொல்லுங்கள். கழன்று வந்தால் எத்தனை சொகுசாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.