60 சீரியல் செட், 11,400 ரூபாய், ஒரு துண்டுச் சீட்டு

பாரிமுனையிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பினேன். ஆறிப்போனால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன். இன்று வெள்ளி. திங்கட்கிழமை தீபாவளி. இந்தச் சனி, ஞாயிறில் சீரியல் லைட் வாங்க சௌகார்பேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 11,400 ரூபாய் போய்விட்டது. என் சொந்தப் பணமாக இருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. அது 24 வீட்டுப் பணம்.

எங்களுடையது பெரம்பூரில் ஒரு பழைய அபார்ட்மென்ட். நமக்கு விளக்கு என்றால் கார்த்திகைதான், தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலும் வெடியும். என் அம்மாவுக்கு இந்த லைட் சமாச்சாரமே புரியாது. ஆனால் எதிர் அபார்ட்மென்ட்டில் போன வருஷம் மொட்டை மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை தொங்கவிட்டார்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். சங்கக் கூட்டத்தில் வீட்டுக்கு 500 என்று முடிவாகி 12,000 சேர்ந்தது. பொருளாளர் நான். தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையில் ஒரு செட் 350 சொன்னார்கள். எங்களுக்கு 60 செட் வேண்டும், பால்கனிக்கு இரண்டு, மீதி காம்பவுண்டுக்கும் படிக்கட்டுக்கும். 21,000 ஆகும். "பாரிஸ் கார்னர் போனா பாதி விலைடி" என்றார் மூன்றாம் மாடி மாமி. போன சனிக்கிழமை நானும் அவரும் ரயிலேறினோம்.

தீபாவளி நேரத்தில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடக்க வேண்டாம், கூட்டமே நம்மைக் கொண்டுபோய் விடும். மின்ட் தெருப் பக்கம் மாமிக்கு முறுக்கு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்ததில் அரை மணி நேரம் போனது. அப்புறம் உள்சந்துகளில் நாலைந்து கடை ஏறி இறங்கினோம். ஒருவர் 240 என்றார், ஒருவர் 100 செட்டுக்குக் குறைந்து தர மாட்டேன் என்றார், இன்னொருவர் தலையே நிமிரவில்லை. ஆறாவதாக ஏறியது அந்தக் கடை. பெயர் போடவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர், கையில் பில் இல்லாமல் பெயர் போட்டால் கேஸ் உன் மேல்தான் வரும் என்று சொல்லியிருக்கிறார். மொத்த வியாபாரக் கடை, அகலம் ஆறடி, கூரையெல்லாம் விளக்குத் தோரணம். அவ்வளவு போதும்.

அவன் என்னை "அக்கா" என்றான். மாமிக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். தண்ணீர் பாட்டில் கொடுத்தான். மற்ற கடைகளில் ஈயை விரட்டுவது போல விரட்டப்பட்டுவிட்டு வந்தவளுக்கு அதுவே பெரிதாகப் பட்டது. வார்ம் ஒயிட் வேண்டுமா, மல்ட்டி கலரா என்று கேட்டு, பலகையில் சொருகிக் காட்டினான். எட்டு மோடும் மாற்றி மாற்றிக் காட்டினான். "என் மேல நம்பிக்கை வைக்காதீங்க அக்கா, நீங்களே எந்த பாக்ஸ் வேணும்னாலும் எடுங்க, போட்டுக் காட்டுறேன்." கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்ததில் மூன்று பெட்டியை நானே உருவினேன். மூன்றும் பளிச்சென்று எரிந்தன. வயர் கனமாக, கைக்கு வழவழப்பாக இருந்தது. பெட்டியில் 15 மீட்டர் என்று போட்டிருந்தது. விலை 190. "கார்த்திகை வரைக்கும் ஓடும், அது என் கேரண்டி."

இந்த இடத்தில்தான் விழுந்தேன். நானே கைவிட்டு எடுத்தேன் அல்லவா, அதற்கு மேல் என்ன சோதிப்பது?

60 பெட்டி கடையில் இல்லையாம். கோடவுனிலிருந்து வர வேண்டுமாம். கால் மணி நேரத்தில் ஒரு பையன் இரண்டு அட்டைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். சுற்றிலும் பிரௌன் டேப். பிரிக்கட்டுமா என்றேன். "பிரிச்சா திரும்ப கட்ட முடியாதுக்கா, ஆட்டோல நசுங்கிடும்" என்றான். மேல்வாயை மட்டும் கொஞ்சம் திறந்து எண்ணிக் காட்டினான். முப்பதும் முப்பதும். நான் பெட்டியை எண்ணினேன். உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை.

பில் கேட்டேன். "பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. சேரும்க்கா, 2,052 ரூபா தண்டம். எஸ்டிமேட் போட்டுத் தரேன்." கையிருப்பே 12,000தான், 2,052 மிச்சம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பணம் ஜிபேயில். கல்லா மேல் ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணப் போனபோது "அது லிமிட் முடிஞ்சுதுக்கா" என்று டிராயரிலிருந்து வேறொரு அட்டை எடுத்தான். அதில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. 11,400 ரூபாய் போனது. கல்லா மேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டி சத்தமே போடவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை. மாமி "நல்ல பையன்" என்றார், ஆட்டோவில்.

புதன்கிழமை சாயங்காலம் பிரித்தோம். முதல் செட்டைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, நூல் மாதிரி இருந்தது. என் மகள் தையல் டேப்பை வைத்து அளந்தாள். பிளக்கிலிருந்து கடைசி பல்பு வரை எட்டரை மீட்டர். 15 எங்கே போனது? பெட்டி அதே பெட்டி, அதே படம், அதே எழுத்து. கீழ்வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணா நுனியைச் சுரண்டிக் காட்டினார். மேலே லேசாகச் செம்பு நிறம், உள்ளே வெள்ளை. எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்து வயர் பக்கத்தில் கொண்டுபோனார். டக்கென்று பிடித்துக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது, இது இரும்புக் கம்பி.

60 செட்டில் 17 எரியவே இல்லை. இருந்தாலும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மீதியைக் கட்டினோம். வியாழக்கிழமை இரவுக்குள் இன்னும் 22 போய்விட்டது, அதில் ஒன்றின் மோடு பெட்டி உருகிப் புகைந்தது. அதுகூடப் பரவாயில்லை. ராத்திரி தூறல் போட்டது. முதல் மாடித் தாத்தா பால்கனி கிரில்லைத் தொட்டதும் சுருக்கென்றது என்றார். எலெக்ட்ரீஷியன் அண்ணா டெஸ்டரை கிரில்லில் வைத்தார். சீரியல் லைட் எரியவில்லை, டெஸ்டர் எரிந்தது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்த கிரில்லில்தான் எதிர்வீட்டுக் குழந்தை தொங்கிக்கொண்டு நிற்கும். அப்போதே மெயினை அணைத்தோம். நன்றாக எரிந்துகொண்டிருந்த 21-ஐயும் இனி யார் கட்டுவது? ஆக 11,400 ரூபாயும் முழுசாகப் போயிற்று.

கடைக்காரனுக்குப் புதன் இரவே போன் அடித்தேன். "வீடியோ அனுப்புங்கக்கா, பாத்துக்கலாம்." அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை. வியாழன் காலை, "ஓனர் ஊர்ல இல்ல." (சனிக்கிழமை அவனே ஓனர் மாதிரிதான் உட்கார்ந்திருந்தான்.) மதியம், "சீசன் டைம்க்கா, தீபாவளி முடிஞ்சு வாங்க, மாத்திடலாம்." தீபாவளி முடிந்து தீபாவளி விளக்கை வைத்து நான் என்ன செய்ய? சாயங்காலத்திலிருந்து போனே போகவில்லை.

இன்று லீவு போட்டுவிட்டு இரண்டு அட்டைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். அதே ஆறடிக் கடை. "அக்கா" போய் "மேடம்" வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது எங்க சரக்கே இல்ல மேடம்" என்றான். உங்கள் பெட்டிதானே என்றேன். "இந்த பாக்ஸ் இந்தத் தெருவுல பத்து கடைல கிடைக்கும்." எஸ்டிமேட் சீட்டை நீட்டினேன். அதில் என்ன இருக்கிறது? பென்சிலில் 60 x 190 = 11,400. கடைப் பெயர் கிடையாது, முத்திரை கிடையாது, தேதிகூடக் கிடையாது. பணம் போட்ட ரசீதைக் காட்டினால், "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல." பின்னால் நின்ற ஒருவர் 80 செட் வாங்கக் காத்திருந்தார். அவருக்கு ஸ்டூல் போட்டிருந்தது. ஏமாறாதீர்கள் சார் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அவனிடம், "200-க்குக் குறையாதா?" என்றார்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு புண்ணியவான் "பல்பு வாங்கப் போய் பல்பு வாங்கி வந்த பொருளாளர்" என்று போட்டிருக்கிறார். பதினோரு பேர் சிரித்திருக்கிறார்கள். 11,400-ஐ நான் தவணையில் கட்டிவிடுகிறேன் என்று பதில் போட்டேன், அப்புறம்தான் அடங்கினார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. சாம்பிளை விடுங்கள், கோடவுனிலிருந்து வரும் பெட்டியில் அடியிலிருந்து நாலு எடுத்துப் போட்டுப் பாருங்கள், பிரிக்க விடவில்லை என்றால் இறங்கி வந்துவிடுங்கள். பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தரச் சான்று) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்க்கலாம். என் பெட்டியில் தயாரித்தவர் முகவரியே இல்லை. க்யூஆரில் கடைப் பெயர் வராவிட்டால் பணம் போடாதீர்கள். 18 சதவீதம் போனாலும் பில் வாங்குங்கள். பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது சட்டப்படி தப்பு, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் இருக்கிறது என்று வக்கீல் சொல்கிறார். பில் இருந்தால்! நாளை காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பார்க்கப்போகிறேன், அந்தப் பென்சில் சீட்டை வைத்துக்கொண்டு என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

எலெக்ட்ரீஷியன் அண்ணா ஏணியோடு கீழே நிற்கிறார். காம்பவுண்டில் இன்னும் பன்னிரண்டு செட் தொங்குகிறது, மழை வலுப்பதற்குள் கழற்ற வேண்டும்.