சாவியை அப்பாவிடம் கொடுங்கள்

வண்டி அப்பாவுக்கு. ஷோரூமுக்குள் நுழைந்ததும் நான் முதலில் சொன்னதே அதுதான். ஆனாலும் டெஸ்ட் டிரைவ் வண்டி வாசலுக்கு வந்து நின்றபோது, சேல்ஸ் தம்பி அப்பாவைத் தாண்டி வந்து சாவியை என் கையில் வைத்தார். "நீங்க ஓட்டிப் பாருங்க சார். ஐயா பின்னாடி வசதியா உட்காரட்டும்" என்றார். அப்பா எதுவும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருந்த லைசென்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு மூன்று வாரம் போடிநாயக்கனூர் போய்விட்டு மெல்பன் திரும்பி ஆறு வாரம் ஆகிறது. பட்டன் போட்ட அந்தக் கை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

போடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே மலைக்குக் கிளம்பும் ஜீப்புகளும் பிக்கப்புகளும்தான் ஊரின் நாடித்துடிப்பு. எங்கள் வீட்டு வாசலில் 2011-லிருந்து நிற்பது ஒரு பொலேரோ கேம்பர் பிக்கப். முன்பக்கம் ஐந்து பேர் உட்காரலாம், பின்பக்கம் உர மூட்டை, பைப்பு, மருந்தடிக்கிற மெஷின், சாப்பாட்டுத் தூக்கு. இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. சீட்டுத் துணியில் ஏறிப்போன அந்த வாசனையை எத்தனை வாட்டர் வாஷ் போட்டாலும் எடுக்க முடியாது. விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிப்பிடித்தால்கூட அந்த வாசனைதான் முதலில் வரும்.

போன வருடம் அப்பாவின் இடது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. தேய்மானம், கிளட்ச் மிதிப்பதைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மலை மேலே இருக்கும் போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் ஒரு லாரி போனால் ஒவ்வொரு வளைவிலும் கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்சில் காத்து நிற்க வேண்டும். கேம்பரின் கிளட்ச் எங்கள் அப்பாவைப் போலவே கெட்டியானது. ஏறி இறங்கி வீட்டுக்கு வரும்போது, திண்ணையில் கை ஊன்றித்தான் இறங்குவார் என்று அம்மா போனில் சொன்னார். எங்கள் ஏலக்காய் எஸ்டேட்டைக் குத்தகைக்கு விட்டாயிற்று. இனி லோடு கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். அம்மாவோடு கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், நாங்கள் மூன்று பேரும் ஊருக்கு வந்தால் சேர்ந்து போக ஐந்து சீட். அதனால் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தோம்.

அப்பா முதலில் கேட்டது, "ஆட்டோமேட்டிக்ல பிக்கப் வண்டியே வராதாப்பா?" என்று. நியாயமான கேள்வி. மெல்பனில் என் தெருவில் நிற்கும் நான்கு பிக்கப்புகளும் ஆட்டோமேட்டிக்தான். அந்த நாட்டில் அதிகம் விற்கிற வண்டிகளில் ஃபோர்டு ரேஞ்சரும் டொயோட்டா ஹைலக்ஸும் முன்வரிசையில் நிற்பவை. நம் ஊரிலும் ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் இரண்டும் ஆட்டோமேட்டிக்கில் கிடைக்கின்றன. ஆனால் நீளம் ஐந்தே கால் மீட்டருக்கு மேல். எங்கள் தெரு முனையில் அதைத் திருப்புவதற்குள் பால்காரரும் ஸ்கூல் வேனும் வரிசை கட்டி நிற்பார்கள். விலையும் ஒத்துவரவில்லை. சரி, எஸ்யூவிதான்.

மறுபடி அந்த முதல் ஷோரூமுக்கு வருகிறேன். எந்த கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சாவியை வாங்கி அப்பாவிடம் நீட்டினேன். தம்பி பதறிவிட்டார். "ஐயாவுக்கு ஆட்டோமேட்டிக் பழக்கம் இல்லைல்ல சார், வண்டிக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா எங்க தலைதான் உருளும்." பழக்கம் இல்லாததால்தானே ஓட்டிப் பார்க்க வந்திருக்கிறோம்? நாற்பது வருடம் மலைரோட்டில் ஓட்டியவர், எஃப்சிக்கு வண்டி காட்டும்போதுகூட ஒரு குறை எழுதவிடாதவர். அவருக்கு முன்னால் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து இடப்பக்கம் ஹாரன் அடித்தாலே தடுமாறும் என்னை ஓட்டச் சொல்கிறார்கள்.

கடைசியில் நானே ஓட்டினேன். பைபாஸில் ஒன்றரை கிலோமீட்டர் போனதும் "இங்க யூடர்ன் போட்டுரலாம் சார்" என்றார். மேடு இல்லை, பள்ளம் இல்லை, வளைவு இல்லை. கியர் மாறும்போதெல்லாம் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு, தலையை ஆட்டியது. எனக்குச் சந்தேகம் வந்தது. "இது என்ன வகை ஆட்டோமேட்டிக்?" என்று கேட்டேன். "ஆட்டோமேட்டிக்னா ஆட்டோமேட்டிக்தான் சார், கிளட்ச் கிடையாது" என்றார்.

கிளட்ச் மிதிதான் கிடையாது, கிளட்ச் இருக்கிறது. அது ஏஎம்டி. சாதாரண கியர் பாக்ஸும் கிளட்ச் தட்டும் அப்படியே இருக்கும். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஒரு மோட்டார் செய்யும். விலை குறைவு, மைலேஜ் நன்றாகக் கிடைக்கும், டவுனுக்குள் ஓட்டப் போதும். ஆனால் மேட்டில், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்துக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் தட்டு கருகும். நம்மூர் வளைவில் முன்னால் டூரிஸ்ட் பஸ் முக்கிக்கொண்டு திரும்பும்போது அத்தனை பேரும் அதைத்தான் செய்வோம். இதையெல்லாம் விற்கிறவர் சொல்ல வேண்டும். வாங்க வந்தவன் சொன்னேன்.

அதைவிட மோசமான பதில் அப்பாவின் கேள்விக்கு வந்தது. பின் சீட்டிலிருந்து முதல்முறையாகப் பேசினார்: "இறக்கத்துல இரண்டாவது கியர் எப்படித் தம்பி போடுறது?"

"இதுல கியரே போட வேணாம் ஐயா. டி-யில போட்டுட்டு பிரேக்க மட்டும் மிதிங்க, போதும்."

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அதுதான். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்று மலையடிவாரத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். பிரேக் சூடேறி, மிதித்தால் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்கு என்பதுதான் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அப்போது இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டியிலேயே லீவரை ஒதுக்கி மேனுவல் மோடில் கியரைப் பிடித்து வைக்க வழி இருந்தது. விற்கிறவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் மலையடிவாரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் மெல்பனில் வண்டி வாங்கியபோது லைசென்ஸை நகல் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தேன். வாங்காமல் போனாலும் முகம் மாறவில்லை. விலையும் ஒரே விலை. கட்டாயமாகக் கட்ட வேண்டிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். இங்கே கொட்டேஷனைக் கையில் வாங்கினால் எக்ஸ் ஷோரூம் விலையில் தொடங்கி கீழே இறங்க இறங்கத் தொகை கூடிக்கொண்டே போகிறது. பத்து லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் சாலை வரி 18 சதவீதம், இருபது லட்சத்தைத் தாண்டினால் 20. அது அரசாங்கத்துக்குப் போவது, சரி. ஹேண்டலிங் சார்ஜ் என்று ஒரு தொகை. கேட்காத மேட், கேட்காத சீட் கவருக்கு ஒரு தொகை. இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று வாய்மொழியாக ஒரு நிபந்தனை. வெளியே எடுக்க நமக்கு உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள். அந்தக் கொட்டேஷனை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

திரும்பும் வழியில் அப்பா கேம்பரை ஓட்டினார். நான் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் "இருக்கிற வண்டியே போதும்ப்பா, கால் அப்படி ஒண்ணும் மோசம் இல்ல" என்றார். வண்டியிலிருந்து இறங்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது இடத்துக்கு அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் மனைவியும் மட்டும் போனோம். அங்கே பேசியது ஒரு பெண். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். யார் ஓட்டப் போகிறார்கள், தினமும் எவ்வளவு தூரம், எந்த ரோடு என்று மூன்றே கேள்விகள் கேட்டார். அப்பா, போடிமெட்டு, இடது முழங்கால் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இங்க ஓட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்ல சார். நாளைக்குக் காலையில ஆறரைக்கு வண்டியை வீட்டுக்கே கொண்டு வர்றேன். ஐயாவை லைசென்ஸோட ரெடியா இருக்கச் சொல்லுங்க."

ஆறு இருபதுக்கே வந்துவிட்டார். கிரெட்டா டீசல், ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். அம்மா அவருக்குக் காப்பி கொடுப்பதற்குள் அவர் அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து சீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இடது காலை நல்லாப் பின்னாடி இழுத்து சீட்டுக்கு அடியில வச்சுக்கங்க ஐயா. அந்தக் காலுக்கு இனி வேலையே இல்ல. கிளட்ச்னு நினைச்சு பிரேக்கை மிதிச்சா எல்லாரும் கண்ணாடியில போய் முட்டுவோம்."

தெருமுனையில் அது ஒருமுறை நடந்தது. திரும்பும்போது பழக்கத்தில் இடது கால் எழுந்து வந்து அகலமான பிரேக் மிதியில் ஓங்கி விழுந்தது. வண்டி குலுங்கி நின்றது. அப்பா முகம் சுண்டிப்போனது. அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, சாவியைக் கேட்கவும் இல்லை. "எல்லாருக்கும் முதல் தடவை இது வரும் ஐயா. காலை உள்ள இழுத்துக்கங்க, போகலாம்" என்றார். "சரிம்மா" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தக் கால் வெளியே வரவில்லை.

முந்தல் தாண்டி மலை ஏறியது. நான்காவது வளைவோ ஐந்தாவதோ, மேலே ஒரு பஸ் திரும்ப முடியாமல் நின்றது. பின்னால் நாங்களும் நின்றோம். அப்பாவின் வலது கால் பிரேக்கில், இடது கை தானாக ஹேண்ட்பிரேக்கைத் தேடியது. "பிரேக்கை விட்டுட்டு மெதுவா ஆக்ஸிலேட்டர் கொடுங்க ஐயா" என்றார் அந்தப் பெண். விட்டார். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. நிதானமாக முன்னால் நகர்ந்தது. டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. அதனால் மெதுவாக ஊர்ந்தாலும் கருக அங்கே தட்டு இல்லை. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், குடிக்கட்டும். அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இறங்கும்போது அப்பா கேட்காமலே அந்தப் பெண் லீவரை ஒதுக்கிக் காட்டினார். அப்பா இரண்டாவது கியருக்குத் தட்டினார். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முன்னால் வெளியூர் கார் ஒன்று, பிரேக் விளக்கு அணையாமலே இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கியதும் கருகிய நாற்றம். அப்பா தூரம் விட்டு, மூன்று வளைவு வரைக்கும் பிரேக்கைத் தொடாமலே வந்தார். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, கை ஊன்றாமல் இறங்கினார். அம்மாவை ஏறி உட்காரச் சொன்னார். சேலையைத் தூக்காமல், கம்பியைப் பிடிக்காமல் அம்மா இடுப்பைச் சாய்த்து உட்கார்ந்தார். கேம்பரில் ஏறுவதற்கு அம்மாவுக்கு எப்போதும் ஒரு முக்காலி வேண்டும்.

அன்று மாலையே அட்வான்ஸ் கட்டினோம். இன்சூரன்ஸ் வெளியே எடுத்தோம், ஷோரூமில் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. டெலிவரி நாங்கள் கிளம்பிய பிறகுதான் கிடைத்தது. அதில் ஒரு வருத்தம்.

கேம்பரை எக்சேஞ்சில் விட அப்பா சம்மதிக்கவில்லை. எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுத்தவரே வாங்கிக்கொண்டார். அது இன்னும் தினமும் அதே மலைதான் ஏறுகிறது. அதே மூட்டைகள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மெட்டிலிருந்து வீடியோ காலில் வந்தார்கள். பனியில் அம்மா மஃப்ளர் கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கால் எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

"அது பாட்டுக்கு சீட்டுக்கு அடியில கிடக்கு" என்றார் அப்பா.