மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்: பொது சர்ஜனா, தனிப்பிரிவா?

"பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கைராசியான சர்ஜன் இருக்கிறார், அங்கேயே எடுத்துவிடலாமே?" மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. இதற்கு ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் ஆதாரத்தோடு ஒரு பதில் கிடைத்தது.

1980 முதல் 1988 வரை அங்கே சிகிச்சை பெற்ற, 75 வயதுக்குக் கீழான 3,786 பெண்களின் பதிவுகளை கில்லிஸ், ஹோல் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி 1996இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம், எல்லா ஆபரேஷனும் செய்கிற பொது சர்ஜன்கள். மறுபக்கம், மார்பகத்துக்கென்றே கிளினிக் வைத்து, பேதாலஜிஸ்ட் (திசுவைச் சோதிப்பவர்), ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் மருத்துவர்) ஆகியோரோடு சேர்ந்து தனிப்பிரிவாக வேலை பார்த்த சர்ஜன்கள். இவர்களிடம் போனவர்களில் ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தோர் விகிதம் 9 சதவீதம் கூடுதல், பத்தாண்டில் 8 சதவீதம். வயது, கட்டியின் அளவு, அக்குள் நெறிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) நோய் பரவியிருந்ததா என்பது, வசதி வாய்ப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இறப்பு அபாயம் 16 சதவீதம் குறைவு.

நல்ல டாக்டர்கள் தற்செயலாக ஒரே பக்கம் சேர்ந்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் அந்தச் சந்தேகம்தான் முதலில் வந்தது. அதனால் அதே பகுதியிலுள்ள கிளாஸ்கோ நகரத்தின் இன்னொரு கணக்கையே பெரிதாக மதிக்கிறேன். 1995க்கு முன் அங்கே மார்பகப் புற்றுநோய் இறப்பு சுற்றுவட்டாரத்தைவிட 11 சதவீதம் அதிகம். அந்த ஆண்டு, எல்லாத் துறை டாக்டர்களும் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறை வந்தது. பிறகு 2000 வரை பார்த்தால் சுற்றுவட்டாரத்தைவிட 18 சதவீதம் குறைவு. 13,722 பெண்களை வைத்துப் போட்ட கணக்கு இது.

பொது சர்ஜனிடம் செய்வதற்கும் தனிப்பிரிவில் செய்வதற்கும் என்னதான் வித்தியாசம்? வெட்டி எடுத்த சதையைப் பாருங்கள். எது மேல்புறம், எது பக்கவாட்டு என்று தெரிய சர்ஜன் குட்டை நூலும் நெட்டை நூலும் தைத்து அனுப்புவார். பேதாலஜிஸ்ட் அதன் மேல்பரப்பில் மை பூசி, வில்லை வில்லையாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். புற்று செல் மையைத் தொட்டிருந்தால் எந்தப் பக்கம் இன்னும் எடுக்க வேண்டும் என்று சர்ஜனுக்குத் தெரிந்துவிடும். நூலும் இல்லாமல், விவரமும் இல்லாமல் டப்பாவில் போட்டு அனுப்பிய கட்டியில் இதைச் சொல்லவே முடியாது.

மார்பையே எடுக்கும் முடிவும் அப்படித்தான். இத்தாலியின் மிலானில் 1973இல் தொடங்கிய ஆய்வில், ஆரம்பநிலைக் கட்டி இருந்த மார்புப் பகுதியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு பெற்றவர்களும் மார்பு முழுவதையும் இழந்தவர்களும் இருபதாண்டு கழித்தும் சம அளவிலேயே பிழைத்திருந்தார்கள். கதிர்வீச்சு வசதியே இல்லாத இடத்தில் இந்த வழியைப் பற்றிப் பேச்சே எழாமல் போகலாம்.

ஐரோப்பிய வரையறைப்படி தனிப்பிரிவு என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 150 புது நோயாளிகள், ஒரு சர்ஜனுக்கு 50 பேர். "இங்கே வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

தூரமும் செலவும் சின்ன விஷயமல்ல. என் கணக்கில், திட்டமும் ஆபரேஷனும் தனிப்பிரிவில் நடக்கட்டும். கீமோவையும் தொடர் பரிசோதனையையும் அவர்கள் எழுதித் தந்தபடி ஊருக்குப் பக்கத்தில் பார்க்கலாம். ஊசி பயாப்சிகூட (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுக்காமல் "சின்னக் கட்டிதான்" என்று யாராவது கத்தியை எடுத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.