ஒரே ‘இல்’, மூன்று ஆங்கிலச் சொற்கள்: காரைக்குடி ஞாயிறு வகுப்பு பற்றி

கானாடுகாத்தானில் எங்கள் பூர்விக வீட்டின் முன்பகுதியில் உள்ள மூன்று அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டுவருகிறேன். வருகிறவர்களுடன் கடிதப் போக்குவரத்து முழுவதும் ஆங்கிலத்தில்தான். சென்ற மார்கழியில் ஒரு தம்பதியருக்கு, அறை 2 மணிக்குள் தயாராகிவிடும் என்று தெரிவிப்பதாக எண்ணிக்கொண்டு, ‘ரூம் வில் பி ரெடி டில் டூ’ என்று எழுதிவிட்டேன். 2 மணிக்கு மேல் அறை கிடைக்காது என்று புரிந்துகொண்ட அவர்கள், திருச்சியில் காலைப் பலகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காரை விரட்டி வந்து, பதினொன்றரை மணிக்கு, ஆட்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்கள். ‘க்குள்’ என்பதற்குப் ‘பை’ என்றும் ‘வரை’ என்பதற்கு ‘டில்’ என்றும் எழுத வேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். கை எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. அந்த வெட்கத்தில்தான் காரைக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டிலேயே நடத்தும் ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். எட்டு ஞாயிறுகள், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், ஒரு சிறு கையேடு உட்பட 2,400 ரூபாய்.

வகுப்பு முழுவதும் ஒரே பொருளைப் பற்றியது: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் இன், ஆன், அட், பை, வித், ஃபார் போன்ற சிறு சொற்கள். இலக்கண நூல்கள் இவற்றைப் ப்ரெபொசிஷன் என்கின்றன. முன்னால் வைக்கப்படுவது என்பதே அந்த லத்தீன் வழிச் சொல்லின் பொருள். தமிழில் இதே வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன, ஆனால் அவை பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. இந்த இட மாற்றம் நமக்குப் பெரிய தொல்லை இல்லை, ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு தமிழ் உருபு செய்கிற வேலையை ஆங்கிலம் நான்கைந்து சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பதுதான் தொல்லை என்பதை இந்த ஆசிரியை முதல் நாளிலேயே எடுத்துக்காட்டினார். நான் பார்த்த மற்ற வகுப்புகளில் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னார்களே தவிர, பிழை எங்கிருந்து பிறக்கிறது என்று எவரும் காட்டியதில்லை.

அவர் காட்டிய முறையைச் சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் செல்லவிருந்த ஓர் ஆச்சி எங்களுடன் படித்தார். ஆசிரியை அவரைப் பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், நிறுத்தி, “ஆச்சி, அந்தப் படம் எங்கே மாட்டியிருக்கு?” என்று கேட்டார். “சுவத்துல.” “சாவி எங்கே இருக்கு?” “பெட்டியில.” “மாப்பிள்ளை எங்கே நிக்கிறாக?” “வாசல்ல.” மூன்று விடைகளிலும் ஒரே ‘இல்’. கரும்பலகையில் அவற்றுக்கு நேராக ஆன் த வால், இன் த பாக்ஸ், அட் த டோர் என்று எழுதிவிட்டு, ஆங்கிலக்காரன் பொருள் இருக்கும் இடத்தைக் கேட்பதோடு நில்லாமல் அந்த இடத்தை எந்த வடிவமாக நினைத்துக்கொள்கிறாய் என்றும் கேட்கிறான் என்று விளக்கினார். பரப்பாக நினைத்தால் ஆன், நான்கு பக்கமும் சூழ்ந்த உள்ளிடமாக நினைத்தால் இன், வெறும் புள்ளியாக நினைத்தால் அட். ‘ஆன்’ என்றால் ‘மேலே’ என்று நெட்டுருப்போட்டிருந்த எங்களிடம், உத்தரத்தில் தலைகீழாக ஒட்டியிருந்த பல்லியைக் காட்டி, அதுவும் ‘ஆன் த சீலிங்’தான், தொட்டுக்கொண்டிருப்பதே கணக்கு என்றார். அந்தப் பல்லி மூன்று வாரங்கள் எங்களுக்கு உதாரணமாக இருந்தது.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். தமிழுக்கு இந்த நுட்பம் புதிதன்று. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்குக் கண், கடை, இடை, மேல், கீழ், உள், புறம், இல் என 28 உருபுகளை அடுக்குகிறது. பேச்சில் அவற்றுள் பெரும்பாலான வேலையை ‘இல்’ ஒன்றே எடுத்துக்கொண்டுவிட்டதால், பேச்சுத் தமிழிலிருந்து நேராக ஆங்கிலத்துக்குத் தாவுகிறவனே அதிகம் தடுமாறுகிறான்.

‘ஆல்’ உருபுக்கு ஒதுக்கிய ஐந்தாம் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. தரையில் பதிக்கும் ஓர் ஆத்தங்குடிக் கல்லை மேசையில் வைத்து அதைப் பற்றி எல்லாரையும் எழுதச் சொன்னார். கைவினைஞர்களால் செய்யப்படுகிறது என்றால் பை. கரண்டியால் வண்ணக் கலவை ஊற்றப்படுகிறது என்றால் வித். சிமெண்டாலும் மணலாலும் ஆனது என்றால் ஆஃப். செய்தவருக்கும் கருவிக்கும் மூலப்பொருளுக்கும் நாம் ஒரே ‘ஆல்’ போட்டுவிடுகிறோம். மூலப்பொருள் உருமாறிவிட்டால் ‘ஆஃப்’ போய் ‘ஃப்ரம்’ வரும். தேக்குத்தூண் மேட் ஆஃப் டீக், பதநீரைக் காய்ச்சி எடுத்த கருப்பட்டியோ மேட் ஃப்ரம். வீட்டைச் சுற்றிக்காட்டும்போது பர்மா தேக்குத் தூண்களைப் பற்றி நான் இத்தனை ஆண்டுகள் ‘மேட் பை டீக்’ என்றே சொல்லிவந்திருக்கிறேன். தேக்கு மரம் தானே எழுந்து தூண் செய்ததாக விருந்தினர்கள் நினைத்திருக்கலாம், ஒருவரும் திருத்தவில்லை.

காலத்தைப் பற்றிய வகுப்பு சுமார்தான். மணிக்கு அட், நாளுக்கு ஆன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன் என்பது எல்லாப் புத்தகத்திலும் உள்ளது. இன் த மார்னிங் என்பவர்கள் ஏன் அட் நைட் என்கிறார்கள் என்று கேட்டதற்கு, வழக்கு அப்படி என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் சொல்வதற்கும் அதிகம் இல்லை என்பது உண்மை. ஆனால் ‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டையும் நன்றாகப் பிரித்தார்: தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ், கழிந்த அளவைச் சொன்னால் ஃபார். ‘பத்து வருடமாக’ என்பதை ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதாத தமிழர் எங்கள் வகுப்பில் ஒருவரும் இல்லை. தேவையில்லாத இடத்தில் நாம் செருகும் சொற்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். ‘பற்றி’ என்ற சொல்லின் நிழலில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்கிறோம், ‘உடன்’ என்பதன் நிழலில் ‘மேரீட் வித்’ என்கிறோம். முதலாவதில் அபவுட் வேண்டியதில்லை, இரண்டாவதில் வித் இருக்கும் இடத்தில் டு வர வேண்டும்.

குறை கையேட்டில் இருக்கிறது. ஆசிரியை பேச்சில் எவ்வளவு தெளிவோ அவ்வளவுக்கு அவர் எழுதிய கையேடு பழைய விதிகளை நம்பியிருக்கிறது. வாக்கியத்தின் முடிவில் ப்ரெபொசிஷன் வரக்கூடாது என்று அதில் அழுத்தமான எழுத்தில் அச்சாகியிருக்கிறது. 1672இல் ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன், தமக்கு முந்தைய நாடக ஆசிரியரான பென் ஜான்சனின் வாக்கியங்களில் இதைக் குறையாகக் காட்டினார். லத்தீனை அளவுகோலாகக் கொண்ட இலக்கணக்காரர்கள் பின்னால் அதைப் பரப்பினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. என் வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் நான் முதலில் கேட்பது ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’ என்பதுதான். கையேட்டின்படி அதைத் திருத்திக் கேட்டால் நீதிமன்ற விசாரணை போல இருக்கும்.

இன்னொரு விதி, ‘பிட்வீன்’ இருவருக்கு மட்டும், மூவரானால் ‘அமங்’ என்பது. கூட்டத்தை மொத்தமாகக் கருதும்போது அமங் சரி. ஆனால் தனித்தனியே ஒவ்வொருவரும் மற்றவரோடு கொள்ளும் உறவானால் எத்தனை பேர் இருந்தாலும் பிட்வீன் வரும். ஒரே வீட்டில் பங்கு உள்ள மூன்று பங்காளிகள் செய்துகொள்ளும் உடன்பாடு ‘பிட்வீன்’தான். இதைச் செட்டிநாட்டில் விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

பயிற்சிகளிலும் பெரும்பாலானவை கோடிட்ட இடத்தை நிரப்பும் வகை. தாமே ஒரு கடிதம் எழுதித் திருத்தம் பெறும் பயிற்சி எட்டு வாரத்தில் இருமுறைதான் கிடைத்தது. என்னைப் போலத் தொழிலுக்காக வருகிறவர்கள், தாங்கள் உண்மையில் அனுப்பிய கடிதங்களைப் படியெடுத்துக் கொண்டுபோய் இடைவேளையில் காட்டுவது நல்லது. அவர் மறுப்பதில்லை, கட்டணமும் தனியாகக் கேட்பதில்லை. மின்விசிறியின் இரைச்சலில் பின்வரிசைக்குக் குரல் எட்டாது என்பதால் பத்து நிமிடம் முன்னதாகப் போய் முன்னால் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

கடைசி ஞாயிறன்று பிட்வீன் பக்கத்தைக் காட்டி என் ஐயத்தைச் சொன்னேன். ஆசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். “பங்காளி உதாரணம் நல்லாருக்கு தம்பி, அடுத்த அச்சுல போட்டுர்றேன்” என்று சொல்லி, என் கையேட்டில் இருந்த ‘ஒன்லி’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார்.