பள்ளி நூலகத்துக்கு விதிமுறை எழுதித் தரும் சேவை: கொடுத்த காசுக்குத் தகுமா?

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கடலோரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. நான் தமிழாசிரியை. நூலகமும் என் தலையில்தான். நூலகக் கொள்கை, நடைமுறைக் கையேடு இரண்டையும் எழுதித் தருகிறோம் என்று சொன்ன மதுரைக் குழு ஒன்றைச் சென்ற கல்வியாண்டில் அழைத்தோம். கட்டணம் 12,000 ரூபாய். பாதியைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்தது, மீதியை நிர்வாகம். பக்கத்துப் பள்ளிகளில் இருந்து விசாரிக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். குழுவின் பெயர் வேண்டாம். இந்த வேலையைச் செய்பவர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர்கள். எழுதிக் கொண்டுவந்த முதல் வரைவு தேறாது.

வரைவின் முதல் பக்கத்தில் நம் சீர்காழிக்காரர், நூலக அறிவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் கட்டம் கட்டிப் போடப்பட்டிருந்தன. ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பது முதல் விதி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏழாம் பக்கத்துக்கு வந்தால், ‘அலமாரிகள் எப்போதும் பூட்டப்பட்டிருக்க வேண்டும், சாவி தலைமையாசிரியர் வசம்’ என்று இருக்கிறது! புத்தகத்தை வாசகர்கள் கையெட்டும் இடத்தில் திறந்து வைக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய மனிதர் அவர். முதல் பக்கத்தில் அவருக்கு மாலை, ஏழாம் பக்கத்தில் பூட்டு. குழுவில் இருந்து வந்திருந்த சாரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தார். அந்தக் குணம் பிடித்திருந்தது.

அடுத்தது அபராதம். நாளுக்கு ஒரு ரூபாய் என்று போட்டிருந்தார்கள். நகரத்துப் பள்ளிக்கு அது சரியாக வரலாம். எங்கள் ஊர்க் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுத் தேர்வு முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கேட்பதும் அதே ஏப்ரலில். வீட்டில் வருமானம் நின்றுபோகும் நேரத்தில் ஒரு பிள்ளை 40 ரூபாய் கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பள்ளி திறந்த பிறகு வந்தால், அபராதம் புத்தக விலையைத் தாண்டி நிற்கும். அந்தப் பிள்ளை புத்தகத்தையும் கொண்டு வராது, நூலகத்துப் பக்கமும் வராது. பனையேறும் குடும்பங்கள் சங்கதி இன்னொன்று. பதநீர் சீசனில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பனங்காட்டில் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். சில பிள்ளைகளும் கூடவே போய்விடும், பையில் நம் நூலகப் புத்தகத்தோடு.

இதைச் சொன்னதும் சார் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “டீச்சர், உங்களுக்குப் புத்தகம் திரும்ப வரணுமா, பணம் வரணுமா?” 12,000 ரூபாயில் பாதி இந்த ஒரு கேள்விக்கே சரியாகிவிட்டது என்பேன். இப்போது எங்கள் விதி இப்படி இருக்கிறது: தாமதத்துக்கு அபராதம் இல்லை. மார்ச் மாதத்திலேயே வகுப்பாசிரியர், வெளியூர் போகும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கேட்டுத் தனிப் பட்டியல் எழுதுவார். அவர்களுக்கு ‘சீசன் இரவல்’ என்று ஆகஸ்ட் வரை தவணை. தொலைந்துபோனால் பணம் கட்டத் தேவையில்லை. வேறு ஒரு புத்தகம் கொடுக்கலாம், அல்லது நூலகத்தில் அட்டை போடும் வேலையில் உதவலாம். தலைமையாசிரியர் கொஞ்சம் முணுமுணுத்தார், அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

பராமரிப்புப் பகுதிதான் மகா மோசம். ‘தினமும் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தவும், இரும்பு அலமாரிகளைப் பயன்படுத்தவும்.’ உப்புக் காற்று என்றால் என்ன என்று பார்க்காதவர் எழுதியது. கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் இரும்பு அலமாரியின் விளிம்பு பொரிந்து, புத்தக முதுகில் காவி நிறத்தில் கோடு விழுந்துவிடும். அதைவிடக் கொடுமை ஸ்டேப்ளர் பின். சிறுவர் புத்தகங்கள் பாதிக்கு மேல் நடுவில் இரண்டு பின் அடித்தவைதானே? அந்தப் பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைத் தின்று, நடுத்தாள் தனியாகக் கையோடு வந்துவிடும். இதற்கு ஒரு விதியை நானே சேர்த்தேன்: பின் அடித்த மெல்லிய புத்தகம் வந்ததும், வரவுப் பதிவேட்டில் எண் போடும் முன்பே பின்னைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைக்க வேண்டும். வலை நூல் கொண்டு தைத்துத் தருகிறேன் என்று ஒரு அம்மா ஆசையாக வந்தார். “நைலான் தாளை அறுத்துடும்க்கா” என்று சொல்லிப் பருத்தி நூல்கண்டைக் கையில் கொடுத்தேன். தையல் என்னுடையதைவிட நன்றாகவே வந்தது.

பழையதைக் கழிப்பது பற்றி அவர்கள் எழுதியது உருப்படி. தகவல் தவறிப்போனது, கிழிந்தது, புதுப் பதிப்பு வந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சம்பந்தமில்லாதது என்று காரணம் பிரித்து, யார் கையெழுத்திட வேண்டும் என்பது வரை இருந்தது. கணக்குத் தணிக்கைக்குப் பயந்து புளூட்டோவை ஒன்பதாவது கோளாகச் சொல்லும் புத்தகத்தை இன்னும் அடுக்கி வைத்திருக்கும் பள்ளிகளுக்கு இந்த ஒரு பகுதி போதும். ஆனால் அந்த விதியை அப்படியே பிடித்தால் 1985க்கு முந்தைய மாவட்ட வரைபடமும் குப்பைக்குப் போகும். சிவகங்கை, விருதுநகர் எல்லாம் ராமநாதபுரத்துக்குள் இருந்த காலத்து வரைபடம் அது. 1964 புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி ரயில் பாதையைக் காட்டும் பழைய தாளும் போகும். அதனால் ‘உள்ளூர்ச் சேகரிப்பு’ என்று தனிப் பகுதி வைத்தோம். அதில் உள்ள எதையும் பழையது என்ற காரணம் சொல்லிக் கழிக்கக் கூடாது.

புத்தகத்துக்கு எதிர்ப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம், முழுதும் படித்தீர்களா, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்று மூன்றே கேள்விகள். எதிர்ப்பை விசாரிக்கும் பள்ளிக் குழு முடிவு சொல்லும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். “முதல்ல எடுத்து உள்ளே வச்சிடுவோம் டீச்சர், எதுக்கு வம்பு?” என்றார் தலைமையாசிரியர். அந்த வம்புக்காகத்தானே சார் விதி என்றேன். இன்னும் யாரும் அந்தப் படிவத்தைக் கேட்டு வரவில்லை.

நன்கொடை, நேர அட்டவணை, கணினிப் பகுதிகள் வழக்கமானவை. கோஹா என்ற நூலக நிர்வாக மென்பொருள் இலவசம் என்று ஒரு பக்கம் எழுதியவர்கள், அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதை எழுதவில்லை.

கையில் பணம் இல்லாத பள்ளிகளுக்கு வேறு வழி உண்டு. பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பான இஃப்லாவின் பள்ளி நூலக வழிகாட்டி, 2015 பதிப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் கனம்தான். ஆனால் கொள்கையில் என்னென்ன இருக்க வேண்டும், எதை யார் முடிவு செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் வரைவின் நல்ல பகுதிகள் பலவும் அங்கிருந்து வந்தவைதான் என்று பிறகு படித்தபோது தெரிந்தது. இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் நாலு பேரையும் கூட்டிப் பேசினால் நீங்களே எழுதிவிடலாம்.

இப்படி ஒரு குழுவைக் கூப்பிடுவதாக இருந்தால் பேசும்போதே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: யூனிகோடில், திருத்தக்கூடிய கோப்பாக வேண்டும். எங்களுக்குப் பிடிஎஃப் மட்டும் வந்தது. கேட்டு வாங்கிய வேர்டு கோப்போ பழைய எழுத்துருவில் இருந்தது. பள்ளிக் கணினியில் திறந்தால் எல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். ஆண்டுதோறும் திருத்தித் தர 2,500 ரூபாய் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.